நடுகல்லும் வாழ்க்கை வரலாறும்

போரில் பட்ட வீரனுக்குக் கல் நடுதல் தமிழரின் தொன்மையான வழக்கம். தொல்காப்பியம் இதனைப் புறத்திணையில் வைத்துப் பேசுகின்றது. நடுவதற்குரிய கல்லைக் காண்பது தொடங்கி, நட்ட கல்லை வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளை அது வகுத்துள்ளது. இலக்கியம் சொன்னதை மண்ணும் மெய்ப்பித்தது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று ஆகோளில் பட்டவனுக்கு நட்டது. செங்கம் வட்டாரத்துப் பல்லவர் காலக் கற்கள் இன்னும் விரிவாகப் பேசுவன. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட எடுத்தனூர்க் கல், கருந்தேவகத்தி என்னும் வீரனைக் குறிப்பதோடு நில்லாமல், இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர் சொல்லிக் குறிக்கின்றது.

இந்த மரபில் ஒரு நிறையும் ஒரு குறையும் உண்டு. ஊர் எது, ஆட்சியாண்டு எது, யாருடைய ஆள், எந்தப் பூசலில் பட்டான் என்பவற்றை ஐயத்துக்கு இடமின்றி எழுதிவைப்பது அதன் நிறை. பட்டவனுக்கே கல் உண்டு, அதே பூசலில் நின்று உயிரோடு வீடு திரும்பியவனுக்கு இல்லை என்பது குறை. வீரன் ஒருவனது வாழ்வு அவனது சாவிலிருந்தே தொடங்குகின்றது. அவன் உழுததும் கடன்பட்டதும், அண்டை வீட்டானோடு கூடியதும் பிணங்கியதும் கல்லில் ஏறுவதில்லை.

மலாயாவில் தமிழ்த் தொழிலாளரிடையே தோன்றிய தலைவர்களின் வாழ்வு தமிழில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று நோக்கின், இந்தப் பழைய மரபின் குறை அப்படியே தொடர்வதையும், அதன் நிறை கைவிடப்பட்டதையும் காணலாம். இதனை விளக்க மூவரின் வாழ்வை எடுத்துக்கொள்வது பொருந்தும். ஒருவர் தூக்குமேடையில் இறந்தவர்; ஒருவர் தூக்கிலிருந்து தப்பியவர்; ஒருவர் நெடுங்காலம் சிறையிருந்து வெளிவந்தவர்.

கணபதி

எஸ். ஏ. கணபதி தஞ்சை மாவட்டத்துப் பட்டுக்கோட்டைப் பக்கத்திலுள்ள தம்பிக்கோட்டையில் பிறந்தவர். சிறுவயதிலேயே சிங்கப்பூருக்கு வந்தார். போர்க்காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தார். போர் முடிந்தபின் தொழிற்சங்கப் பணியில் இறங்கி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1948 ஜூனில் அச்சம்மேளனம் சட்டத்தின் இசைவை இழந்தது. அதே மாதத்தில் அவசரகாலமும் பிறந்தது. 1949 மார்ச் 1ஆம் நாள் ரவாங் அருகே கணபதி கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டார். அவசரகால விதிகளின்படி துப்பாக்கி வைத்திருப்பதற்கு மரணமே தண்டனை. மார்ச் 15இல் தீர்ப்பு வந்தது. இந்திய அரசு இடைநின்று வேண்டியும் பயனில்லை. மே 4ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாளே அவருடைய தோழர் பி. வீரசேனன் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

இச்செய்திகள் பலரும் அறிந்தவை. கணபதியைப் பற்றிய மேடைப் பேச்சு, கவிதை, நினைவுக் கட்டுரை எதனை எடுத்தாலும் இவை வரும். கைதுக்கும் தூக்குக்கும் இடைப்பட்ட இரண்டு மாதங்கள் விரிவாக வரும். அதற்கு முன் அவர் வாழ்ந்த ஆண்டுகளோ சில வரிகளில் முடிந்துவிடும். அவர் பிறந்த ஆண்டையே ஒருவர் சொன்னதுபோல் மற்றொருவர் சொல்வதில்லை. எடுத்தனூர்க் கல்லை வெட்டிய தச்சன் நாயின் பெயரைக்கூட விட்டுவிடவில்லை. கணபதியைப் புகழும் கட்டுரைகளிலோ, அவரோடு அலுவலகத்தில் அமர்ந்து கணக்கெழுதியவர் பெயரோ, அவருக்கு உணவும் உறைவிடமும் தந்தவர் பெயரோ காண்பதரிது. புகழ்ச்சி மிகுந்திருக்கின்றது; செய்தி குறைந்திருக்கின்றது.

செய்தி இன்மையால் வருவது வெறும் தகவற்குறை அன்று. அந்த வாழ்வின் பொருளே திரிந்துபோகின்றது. ஒரு சான்று கூறலாம். 1948 மே இறுதியில் கூட்டரசு ஆட்சியினர் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தினர். சங்கப் பொறுப்பாளர் ஆவோர் அந்தத் தொழிலில் மூன்றாண்டுகளேனும் வேலை செய்திருக்க வேண்டும் என்றும், ஒரே தொழிலைச் சார்ந்த சங்கங்களே தம்முள் சம்மேளனமாகக் கூடலாம் என்றும் அத்திருத்தம் விதித்தது. தோட்டம், துறைமுகம், சுரங்கம் என எல்லாத் தொழிலையும் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்து, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினரைக் கணக்குக் காட்டிய அமைப்பு, இந்த இரண்டு விதிகளால் ஒரே நாளில் இடமற்றதாயிற்று. ஏறத்தாழ ஒன்பது மாதங்களில், பலரறியத் தலைமை வகித்தவர் காட்டோரத்தில் பிடிபடும் ஆளானார். இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? எத்தனை பேர் வேறு வழியில் திரும்பினர்? எத்தனை பேர் கணபதியோடு சென்றனர்? எந்த வாழ்க்கை வரலாற்றிலும் மிக ஆழ்ந்து எழுத வேண்டிய பகுதி இதுவே. புகழ்ச்சிக் கட்டுரைகள் மிக விரைந்து கடக்கும் பகுதியும் இதுவே.

தூக்குமேடையில் நின்ற கணபதியை மட்டும் அறிந்த இளைஞன், துணிவாகச் சாவதே தொழிலாளர் தலைவனின் இலக்கணம் என்று எண்ணுவான். சந்தா தண்டுவதும், மனு எழுதுவதும், இணங்காத இருவரை ஒரே பாயில் அமர்த்திப் பேசவைப்பதும் அவ்விலக்கணத்தில் சேர்ந்தவை என்று அவனுக்குச் சொல்வார் இலர்.

சாம்பசிவம்

இரண்டாமவர் சாம்பசிவம். 1948 செப்டம்பரில் ஜொகூரில் பிடிபட்டவர். துப்பாக்கி வைத்திருந்ததாகவும் தோட்டாக்கள் வைத்திருந்ததாகவும் இரண்டு குற்றங்கள் அவர்மேல் சாட்டப்பட்டன. தோட்டாக் குற்றத்திலிருந்து அவர் விடுதலை பெற்றார். துப்பாக்கிக் குற்றத்துக்காக மறுவிசாரணை நடந்து, மரண தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. ஒரு குற்றத்தில் விடுதலை பெற்றவரை அக்குற்றம் செய்தவர்போல் வைத்து மற்றொரு குற்றத்தை மெய்ப்பிக்க முயல்வது முறையன்று என்று 1950இல் பிரிவி கவுன்சில் தண்டனையை நீக்கியது.

இத்தீர்ப்பு சட்டக் கல்வியில் நிலைத்த இடம் பெற்றது. காமன்வெல்த் நாடுகளில் சாட்சியச் சட்டம் பயிலும் மாணவர் பலருக்கு சாம்பசிவம் என்ற பெயர் பழகிய பெயர். ஒரு முறை பெற்ற விடுதலை எவ்வளவு வலிமையுடையது என்பதற்கு அவ்வழக்கே மேற்கோள். ஆயினும் தமிழில் அப்பெயரைச் சொன்னால், யார் அவர் என்று கேட்போரே மிகுதி. கணபதிக்காக எழுந்த இரங்கலில் நூற்றில் ஒரு பங்கும் சாம்பசிவத்தின் விடுதலைக்காக எழவில்லை. அவர் இறந்திருந்தால் கல் நட்டிருப்பார்கள். பிழைத்தமையால் அவர் பெயர் சட்ட அறிக்கையின் பக்கங்களோடு நின்றுவிட்டது.

பாலன்

மூன்றாமவர் ஆர். ஜி. பாலன். பேரா மண்ணுக்கு உரியவர். பேராவின் ரப்பர்த் தோட்டத் தொழிலாளரைச் சங்கங்களாகத் திரட்டியவர்களுள் முன்நின்றவர். 1947இன் தொடக்கத்தில் பிரித்தானியப் பேரரசின் கம்யூனிஸ்டுக் கட்சிகள் இலண்டனில் கூடியபோது, மலாயாவிலிருந்து மூவர் சென்றனர்: ஊ தியன் வாங், ரஷீத் மைதீன், பாலன். சீனர் ஒருவர், மலாய்க்காரர் ஒருவர், தமிழர் ஒருவர். 1948 மே இறுதியில், அவசரகாலம் அறிவிக்கப்படுவதற்கு முன்னரே, பாலன் பிடிபட்டுக் காவலில் வைக்கப்பட்டார். காவலில் இருக்கும்போதே கட்சி அவரைத் தன் துணைத் தலைவராக அறிவித்தது. பத்தாண்டுகளுக்கு மேல் காவலில் கழிந்தன.

அவர் பிடிபட்ட இரு வாரங்களுக்கெல்லாம், ஜூன் 16ஆம் நாள், ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத்து எல்பில் தோட்டத்திலும் பின்சூன் தோட்டத்திலும் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் அங்கிருந்தே தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டு நீடித்த அந்தப் போர் துப்பாக்கி ஏந்தியவர்களை மட்டும் வாட்டவில்லை. காட்டுக்கு அரிசி போகாமல் தடுக்க விதித்த பங்கீட்டால் வாடியவர்களும், ஊரடங்கில் அடைபட்டவர்களும், இரு தரப்பின் ஐயத்துக்கும் ஆளாகி மாண்டவர்களும் தோட்டத்து மக்களே. அவர்களுக்கு முன்பு சங்கம் அமைத்தவர்களுள் ஒருவர் முள்வேலிக்குப் பின்னிருந்து இவற்றை எவ்வாறு கண்டார் என்பது அறியத்தக்க செய்தி அன்றோ?

பேரா மண் தன்வரலாறு எழுதாத மண் அன்று. சித்தியவானில் பிறந்த சின் பெங் தம் தரப்பு வரலாற்றை 2003இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இலண்டன் சென்ற மூவருள் ஒருவரும், கோப்பெங் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து சுரங்கத் தொழிலில் வேலை பார்த்தவருமான ரஷீத் மைதீனின் நினைவுநூல் 2005இல் மலாய் மொழியில் வந்தது. பேராவைச் சேர்ந்த அப்துல்லா சி. டி.யும் தம் நினைவுகளைப் பல பகுதிகளாக எழுதினார். அந்நூல்கள் கூறும் அரசியலை ஏற்போரும் உண்டு, மறுப்போரும் உண்டு. ஏற்பதற்கும் மறுப்பதற்கும் அவை கையில் இருக்கின்றன. சீனர் தம் தலைவரோடு வழக்காடலாம்; மலாய்க்காரர் தம்மவரோடு வழக்காடலாம். தமிழர் பாலனோடு வழக்காட வழியில்லை. அவர் பேசியதெல்லாம் போலீஸ் குறிப்புகளிலும் பிறர் நூல்களின் ஓரிரு வரிகளிலும் தங்கிவிட்டது.

இக்குறை ஒரு கட்சியாரோடு நிற்பதன்று. சட்டத்தின் வழி நின்று 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கியோர் நிலையும் இதுவே. அதன் தலைவர் பி. பி. நாராயணன் 1975இல் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தமையால் அவர் பெயர் நிலைத்தது. பால் வெட்டி முடித்த கையோடு சைக்கிளில் தோட்டந்தோறும் சென்று சந்தா தண்டிய கிளைச் செயலாளர்கள் எங்கே? நாவலாசிரியர்கள் ஓரளவு இவ்விடத்தை நிரப்பினர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' முதலியன தோட்டத்து மக்களின் துயரைக் காத்துத் தந்தன. ஆயினும் கற்பனை மாந்தர் எவ்வளவு உயிரோடு நடமாடினும், இன்ன பெயருடையவர் இன்ன ஆண்டில் இதனைச் செய்தார் என்னும் சான்றுக்கு ஈடாகார்.

ஈயம் இணைத்த இரு நாடுகள்

இத்தகைய வாழ்வை எழுதும் முறை யாது? அதற்கு நல்ல விடை தந்த நூலொன்று, ஈப்போ மக்கள் நன்கறிந்த ஒரு பொருளால் அவர்களோடு உறவுடைய நாட்டிலிருந்து வந்தது. அப்பொருள் ஈயம். அந்நாடு தென்னமெரிக்காவின் பொலிவியா. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயலம்பங்களும் பொலிவிய மலைச் சுரங்கங்களும் ஒரே சந்தைக்குப் பண்டம் அனுப்பியவை. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈயச் சந்தை சரிந்தபோது இரண்டும் ஒருங்கே விழுந்தன. கிந்தாவில் லம்பங்கள் மூடப்பட்டன. பொலிவியாவில் அரசுச் சுரங்கத் தொழிலாளர் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தனர்.

அந்நாட்டுச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளாக 1937இல் பிறந்தவர் தொமித்திலா பாரியோஸ் தே சுங்காரா. தந்தை சங்கப் பணியாளர். அதன் பொருட்டு ஊர்விட்டு ஊர் துரத்தப்பட்டவர். தாய் இறந்தபோது தொமித்திலாவுக்கு வயது பத்து. தங்கையர் ஐவரை வளர்க்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. பின்பு சுரங்கத் தொழிலாளி ஒருவரை மணந்து, 'இருபதாம் நூற்றாண்டு' என்று பொருள்படும் பெயருடைய சிக்லோ வெய்ன்தே என்னும் சுரங்கக் குடியிருப்பில் வாழ்ந்தார். அங்கு 1961இல் தொழிலாளர் மனைவியர் அமைத்த இல்லத்தரசிகள் குழுவில் சேர்ந்து அதன் தலைவியருள் ஒருவரானார். 1967 ஜூன் 24ஆம் நாள், புனித யோவான் திருநாள் இரவு முடிந்த வைகறையில் இராணுவம் அக்குடியிருப்பில் புகுந்து சுட்டது. அதனைக் கண்டித்துப் பேசிய தொமித்திலா சிறைப்பட்டார். கருவுற்றிருந்த நிலையில் சிறையில் பட்ட அடிகளால் குழந்தையை இழந்தார். 1975இல் மெக்சிக்கோவில் நடந்த அனைத்துலக மகளிர் ஆண்டு மாநாட்டு மன்றத்தில் எழுந்து பேசினார். 1977ஆம் ஆண்டின் இறுதியில் சுரங்கத் தொழிலாளர் மனைவியர் நால்வர் தொடங்கிய உண்ணாநோன்பில் அவரும் சேர்ந்தார். நோன்பிருந்தோர் தொகை ஆயிரத்துக்கு மேல் பெருகியது; இராணுவ ஆட்சி இறங்கிவந்து அரசியல் மன்னிப்பு வழங்கியது. அவர் 2012 மார்ச்சில் மறைந்தார்.

இவர் வாழ்வைக் கூறும் நூல் 1977இல் மெக்சிக்கோவில் வெளிவந்தது. பிரேசில் நாட்டு மொயெமா வியெஸ்ஸெர் என்னும் அம்மையார் தொமித்திலாவோடு அமர்ந்து கேட்டும், கூட்டங்களில் அவர் பேசியதைப் பதிவு செய்தும், அவர் பேச்சு நடையிலேயே அந்நூலைத் தொகுத்தார். பேச அனுமதி வேண்டுவதையே நூலின் பெயராக வைத்தனர். தம் கதையைத் தனிப்பட்ட ஒருத்தியின் துயராகக் கொள்ள வேண்டா, தம் மக்கள் அனைவர்க்கும் நேர்ந்ததாகக் கொள்க என்று தொமித்திலா தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றார்.

அந்நூலின் சிறப்பு எங்கே உள்ளது? சிறைக்கொடுமை படிப்போரைக் கலங்கச் செய்வது உண்மை. எனினும் அதனினும் வலியது, அவர் தம் ஒரு நாளை விவரிக்கும் பகுதி. விடியற்காலை நான்கு மணிக்கு எழுகின்றார். இறைச்சியும் கிழங்கும் உள்ளே வைத்துச் சுடும் சால்தேன்யா என்னும் பண்டம் நூறு செய்கின்றார். கணவரின் கூலி குடும்பத்துக்குப் போதாமையால் அதனைத் தெருவில் விற்கின்றார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கடைவாசலில் வரிசையில் நின்று, துணி துவைத்து, அதன்பின் குழுவின் கூட்டத்துக்குப் போகின்றார். இல்லத்தில் செய்யும் இவ்வேலைக்குக் கூலி கொடுப்பதாயின் எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டும் பார்க்கின்றார். இப்பகுதியைப் படித்தபின் சிறைப்பகுதியைப் படிப்பவர், சிறையில் அடைபட்டது எத்தகைய வாழ்வு என்று அறிந்தே படிக்கின்றார். சாவின் வாயிலில் நின்ற கதைக்கு அந்த நூறு பண்டங்களே எடை தருகின்றன.

ரப்பர்த் தோட்டத்திலும் விடியுமுன் எழுந்து சோறாக்கி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து நிரைக்குப் போன பெண்கள் இருந்தனர். போருக்கு முந்திய 1930களில் ஆணின் நாட்கூலி 50 காசாக இருந்தபோது பெண்ணின் கூலி 40 காசு. சங்கம் கேட்ட கோரிக்கைகளில் இந்தப் பத்துக் காசுக்கு என்ன இடம் இருந்தது? வேலைநிறுத்த நாளில் அடுப்பை எரியவைத்தவர் யார்? தமிழில் எழுந்த தலைவர் புகழுரைகளில் இவ்வினாக்களே எழவில்லை. நடுகல்லில் வீரனுக்கு அருகே அவன் நாய்க்கு இடம் கிடைத்தது. தொழிலாளர் தலைவர் கட்டுரையில் அவர் வீட்டுப் பெண்ணுக்கு அந்த இடமும் கிடைக்கவில்லை.

தடைகளும் விடைகளும்

வாய்மொழியை நம்பி வரலாறு எழுதலாமா என்று அறிஞர் தடை எழுப்பலாம். அத்தடை புறந்தள்ளத் தக்கதன்று. குவாத்தமாலா நாட்டுப் பழங்குடிப் பெண் ரிகொபெர்த்தா மெஞ்சூவின் வாழ்வுரை 1983இல் இதே முறையில் வந்தது. அவருக்கு 1992இல் அமைதிக்கான நோபல் பரிசும் கிடைத்தது. 1999இல் டேவிட் ஸ்டோல் என்னும் அமெரிக்க ஆய்வாளர், அவர் தாமே கண்டதாகச் சொன்ன சிலவற்றை அவர் நேரில் கண்டிருக்க இயலாது என்று எடுத்துக்காட்டினார். பெரிய சொற்போர் மூண்டது. அந்நாட்டில் நடந்த கொடுமைகள் பொய்யல்ல என்பதில் ஐயமில்லை. ஆயினும் பிறர் பட்டதைத் தாம் பட்டதாகச் சொல்லும்போது சான்றின் வலிமை குறைகின்றது.

இதிலிருந்து கொள்ளத்தக்க பாடம், வாய்மொழியை விட்டுவிடுக என்பதன்று. கண்டதையும் கேட்டதையும் பிரித்து எழுதுக என்பதே. ஒருவர் சொன்னதை மற்றொருவர் சொன்னதோடும், நாளிதழ்ச் செய்தியோடும், சங்கக் குறிப்போடும் ஒப்பிடுதல் வேண்டும். முரண்பட்டால் இரண்டையும் எழுதுதல் வேண்டும். சுவடிகளில் பாடவேறுபாடு கண்டு பதிப்பிக்கும் முறையைக் கற்ற தமிழாசிரியர்க்கு இது புதிய கலை அன்று.

ஆயுதம் ஏந்திய இயக்கத்தாரின் வாழ்வை எழுதுவது அவர்தம் செயலை ஏற்பதாகாதா என்பது மற்றொரு தடை. புகழ்ச்சி மட்டுமே எழுதின் அவ்வாறே ஆகும். சுங்கை சிப்புட்டில் கொல்லப்பட்டவர்களையும், இயக்கத்தாரால் காட்டிக்கொடுத்தவர் எனக் குற்றஞ்சாட்டிக் கொல்லப்பட்ட தொழிலாளரையும், படையினர் கையில் மாண்ட எளியோரையும் ஒருங்கே எழுதும் வரலாறு எவரையும் ஏற்றிப்பாடுவதாகாது. உண்மையில், தூக்குமேடையோடு நிற்கும் கதையே இவ்வினாக்களிலிருந்து தலைவரைத் தப்பவைக்கின்றது. சாவின் ஒளியில் கேள்விகள் மறைந்துபோகின்றன. முழு வாழ்வையும் எழுதும்போது அவர் செய்த பிழைகளும் உடன் வரும். அவற்றோடு நின்றும் அவர் மதிக்கத்தக்கவராயின் அம்மதிப்பே நிலைக்கும்.

தமிழிலேயே உள்ள முன்மாதிரி

இதற்குப் பொலிவியாவைத்தான் நாட வேண்டும் என்பதில்லை. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்த உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' தமிழாசிரியர் அனைவரும் அறிந்த நூல். அதில் ஏடு தேடிய கதை மட்டுமா உள்ளது? எந்த ஊரில் யார் வீட்டில் தங்கினார், யார் என்ன உதவினார், குடும்பம் எவ்வாறு கடன்பட்டது, ஆசிரியர் எதற்கு முகம் வாடினார் என்பவையெல்லாம் உள்ளன. அச்சிறு செய்திகளை நீக்கிவிட்டால், சங்க இலக்கியம் மீண்ட கதை வெறும் பட்டியலாகிவிடும்.

தொழிலாளர் இயக்கத்துக்கே நேராக உரிய முன்மாதிரியும் உண்டு. 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் பெரும்பங்கு கொண்ட திரு. வி. கலியாணசுந்தரனார் 1944இல் தம் 'வாழ்க்கைக் குறிப்புக'ளை வெளியிட்டார். தமிழ் நடையின் பொருட்டு அந்நூலைப் படிப்போர், ஆலைத் தொழிலாளரின் கூட்டம் எவ்வாறு கூடியது, கதவடைப்பு எவ்வாறு வந்தது, தலைவருள் எங்கே வேற்றுமை எழுந்தது என்பவற்றையும் அங்கே காண்பர். தமிழ் உரைநடை இதற்கு ஏற்றதன்று என்று எவரும் சொல்ல இயலாது. ஏற்ற கருவி கையில் இருந்தும் மலாயாத் தொழிலாளரின் வாழ்வுக்கு அது பயன்படவில்லை என்பதே உண்மை.

பயன்படாமைக்குக் காரணமும் உண்டு. அவசரகாலத்தில் ஒரு கடிதத்தை, ஒரு புகைப்படத்தை, ஓர் உறுப்பினர் அட்டையை வைத்திருப்பதே ஆபத்தாயிருந்தது. அச்சம் வீட்டுக்குள் புகுந்த காலத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வாரும் வாய் மூடினர். பின்பு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. செம்பனையும் வீட்டுமனையும் ஆயின. லயங்கள் கலைந்தபோது, ஒரு பெயரைச் சொன்னால் இன்ன வீட்டார் என்று அடையாளம் காட்டக்கூடிய அண்டை அயலாரும் கலைந்தனர். தாளில் எழுதாத வரலாறு அண்டை அயலாரிடமே வாழ்வது.

சிலிபினில் செய்யத்தக்கது

அண்டை அயலார் முற்றும் மறைந்துவிடவில்லை. ஈப்போவின் சிலிபின், புந்தோங் முதலிய பகுதிகளில், தோட்டத்திலும் லம்பத்திலும் பாடுபட்ட குடும்பங்களின் வழியினர் வாழ்கின்றனர். சிங்கப்பூரில் 1979 முதல் வாய்மொழி வரலாற்றுக்கென ஓர் அமைப்பு இயங்கித் தமிழரின் நினைவுகளையும் பதிவு செய்து வருகின்றது. அத்துணைப் பெரிய அமைப்பு இல்லாவிடினும், ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் மேல்வகுப்பு மாணவர் இருவரும் ஒரு கைப்பேசியும் போதும்.

முதியவரிடம் சென்று, தலைவரைக் கண்டீர்களா என்று கேட்பதில் பயன் குறைவு. அவர் தாம் கேட்ட புகழுரையையே திருப்பிச் சொல்லுவார். சங்கக் கூட்டம் எந்த இடத்தில் கூடியது, கோயிலிலா கொட்டகையிலா என்று கேட்கலாம். துரைக்கு மனு எழுதிக் கொடுத்தவர் யார், கிராணியா வாத்தியாரா என்று கேட்கலாம். சந்தா எவ்வளவு, பணம் யார் கையில் இருந்தது, கள்ளுக்கடை மறியலுக்கு வந்தவர் யார், வராதவர் யார், வேலைநிறுத்தத்தின்போது என்ன உண்டீர்கள், சேராமல் வேலைக்குப் போனவரோடு பின்பு பேச்சு இருந்ததா என்று கேட்கலாம். வீட்டுப் பெண்களைத் தனியே கேட்பது இன்றியமையாதது. ஆண்கள் முன்னிலையில் அவர்கள் சுருங்கச் சொல்லி முடித்துவிடுவர். சொல்வதைச் செந்தமிழாக்காமல் தோட்டத்துப் பேச்சிலேயே எழுதுதல் வேண்டும். பிரட்டு என்றவரைப் பெயர்ப்பதிவு என்று சொல்லவைத்தால், அவரது விடியற்காலையே அச்சொல்லோடு போய்விடும். பெயரை வெளியிட விரும்பாதவரின் பெயரை மறைத்து வைத்தலும் தொகுப்பவரின் கடமை.

இவ்வாறு திரட்டும் குறிப்புகளால் பாலனது வாழ்வு முழுமையாகக் கிடைத்துவிடும் என்று எதிர்பார்த்தல் கூடாது. ஒரு தலைவரை நம்பிச் சந்தா கொடுத்தவர், நம்பாமல் விலகியவர், நம்பியதால் வேலையிழந்தவர் ஆகியோரின் சொற்கள் கிடைக்கும். தலைவர் வாழ்வு அவற்றின் நடுவே தான் நின்ற இடத்தில் வந்து நிற்கும். கணபதியின் கதைக்கும் தூக்குமேடைக்கு முற்பட்ட ஆண்டுகள் வந்து சேரலாம்.

1948இல் பத்து வயதுச் சிறுவனாகப் பிரட்டுக்களத்தின் ஓரத்தில் நின்று கூட்டம் பார்த்தவர் இன்று எண்பத்தைந்தைக் கடந்தவர். அவரைக் கேட்க வேண்டியவர் இந்த ஆண்டிலேயே கேட்க வேண்டும்.